நிக்கான் கூல்பிக்ஸ் பி950: பறவை பார்க்கப் போகிறவர் பையில் வைக்கலாமா?

பறவை பார்க்கப் பயணம் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். மூன்று கிலோ லென்ஸைத் தோளில் போட்டுக்கொள்ளாமல், தூரத்து மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவையை இன்னது என்று சொல்லுமளவுக்குப் படமெடுக்க முடியுமா? 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிக்கான் அறிவித்த கூல்பிக்ஸ் பி950 இந்தக் கேள்விக்காகவே செய்தது போன்ற கேமரா. 24 முதல் 2000 மி.மீ. வரை 83 மடங்கு ஜூம், 16 மெகாபிக்சல், பேட்டரியும் கார்டும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ எடை. லென்ஸைக் கழற்ற முடியாது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: உட்கார்ந்த பறவைக்கு அருமை, பறக்கிற பறவைக்குப் பெரும்பாலும் உதவாது, வெளிச்சம் மங்கிவிட்டால் பைக்குள் போட்டுவிடலாம்.

இந்தக் கேமராவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குறைகள் அனைத்துக்கும், ஒளியைப் படமாகப் பதியும் சின்ன சென்சாரைத்தான் குற்றம் சாட்டுவார்கள். அது பாதிதான் சரி. கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. 2000 மி.மீ. என்பது பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமராவுக்கு ஈடான கணக்கு. லென்ஸின் உண்மையான குவியத்தூரம் முழு ஜூமில் 357 மி.மீ.தான். அங்கே அபெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் திறப்பின் அளவு, எஃப்/6.5. 357ஐ 6.5ஆல் வகுத்தால் 55 மி.மீ. அதாவது ஒளி நுழையும் வாய் 55 மி.மீ. அகலம். கழற்றி மாட்டும் லென்ஸ்களில் பயணத்துக்குப் பலரும் எடுத்துப்போகும் கேனான் ஆர்எஃப் 100-400 எஃப்/5.6-8 லென்ஸில் இதே கணக்கைப் போட்டால், 400ஐ 8ஆல் வகுக்க, 50 மி.மீ. ஆக, ஒரே தூரத்தில் இருக்கும் ஒரே பறவையிலிருந்து இரண்டுக்குள்ளும் நுழையும் ஒளி ஏறத்தாழ ஒன்றுதான். நல்ல வெயிலில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் மரங்கொத்தியை இரண்டிலும் எடுத்து, பறவையை மட்டும் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இறகு விவரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் வராது. வித்தியாசம் ஃபோக்கஸில்தான் இருக்கிறது. அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

சின்ன சென்சார் நிஜமாகவே வைக்கும் வரம்பு ஒன்று உண்டு. இதில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 1.34 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எஃப்/6.5இல் ஒளி வளைவினால் (டிஃப்ராக்ஷன்) ஒரு புள்ளி ஏறக்குறைய 8.7 மைக்ரான் அகல வட்டமாகப் பரவிவிடும். ஆறேழு பிக்சல் அகலம். எனவே முழு ஜூமில் 16 மெகாபிக்சலும் உண்மையான விவரத்தைத் தருவதில்லை. கம்ப்யூட்டரில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ‘மசமச’ என்று இருக்கிறது என்று புலம்புவதில் பொருளில்லை. படத்தை 2000 முதல் 2400 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குங்கள், கூர்மை தானாக வந்துவிடும். எதையும் இழக்கவும் மாட்டீர்கள். இதே காரணத்தால் முழு ஜூமில் அபெர்ச்சரை எஃப்/8க்குக் குறுக்கக் கூடாது. மற்ற கேமராக்களில் ஒரு படி குறுக்கினால் கூர்மை கூடும். இதில் குறையும், ஒளியும் போகும்.

இன்னொன்று: 2000ஐத் தாண்டியும் ஜூம் லீவரைப் பிடித்துக்கொண்டிருந்தால் டிஜிட்டல் ஜூம் தொடங்கிவிடும். அது வெறும் வெட்டிப் பெரிதாக்கும் வேலை. வாங்கிய அன்றே மெனுவில் அதை அணைத்துவிடுங்கள்.

தூரமும் காற்றும்

முழு ஜூமில் சட்டகம் எவ்வளவு இடத்தைக் காட்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். 20 மீட்டர் தொலைவில் சட்டகத்தின் அகலம் சுமார் 35 செ.மீ. 30 மீட்டரில் 52 செ.மீ. 50 மீட்டரில் 86 செ.மீ. அப்படியானால் 15 செ.மீ. நீளச் சிறு பறவை 20 மீட்டரில் சட்டகத்தின் அகலத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் நிறைக்கும். கண்ணைச் சுற்றியுள்ள வளையமும் அலகின் நிறமும் தெளிவாகத் தெரியும். 50 மீட்டரில் அதே பறவை ஆறில் ஒரு பங்குதான், இனம் காண மட்டும் போதும். கொக்கு, நாரை, கழுகு அளவுள்ள பறவை என்றால் 50 மீட்டர் சரியான தூரம். 20 மீட்டரில் கொக்கு நின்றால் 2000 தேவையே இல்லை, தலை மட்டும்தான் வரும்.

நூறு மீட்டர், இருநூறு மீட்டர் தள்ளி இருப்பதை எடுக்கலாம் என்ற ஆசையில் வாங்குகிறவர்கள் ஒரு விஷயத்தை அறிய வேண்டும்: அங்கே லென்ஸ் தோற்பதில்லை, காற்று தோற்கிறது. வெயில் ஏறியதும் தரை சூடாகி, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியை வளைக்கும். கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் பறவையின் விளிம்பு கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல் நெளியும். ஃபோக்கஸ் சரியாக இருந்தும் படம் குழம்பி வரும். இதைக் கேமராவின் பழுது என்று நினைத்துச் சேவை மையத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. மணல், தார்ச்சாலை, காய்ந்த வயல், சேற்றுத் திட்டு ஆகியவற்றுக்கு மேலாகப் படமெடுக்கும்போது இது மிக மோசம். புல்லுக்கு மேல் கொஞ்சம் குறைவு. சூரியன் உதித்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும், மேகம் மூடிய நாளிலும் காற்று அமைதியாக இருக்கும். பத்து மணிக்குப் பிறகு 30 மீட்டருக்குள் இருப்பதை மட்டும் எடுத்தால் மனக்கசப்பு இல்லை. தூரத்தில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் தரையிலிருந்து உயரமான இடத்துக்குப் போங்கள், அல்லது இருபது படம் தொடர்ந்து எடுத்து அதில் காற்று ஒரு கணம் அடங்கிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

வண்டிக்குள்ளிருந்து எடுக்கும்போதும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். ஏசி போட்ட வண்டியின் கண்ணாடியை இறக்கியதும் உள்ளிருக்கும் குளிர்காற்று வெளியே பாயும். லென்ஸின் முன்னாலேயே நெளிவு தொடங்கிவிடும். எஞ்சினையும் ஏசியையும் நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் பொறுத்தால் சரியாகும். மூடிய கண்ணாடி வழியாக 2000இல் எடுப்பது வீண்வேலை, தங்கும் விடுதியின் ஜன்னல் கண்ணாடியும் அப்படித்தான்.

ஃபோக்கஸ்

இந்தக் கேமராவின் பலவீனம் முழுவதும் இங்கேதான். படத்தின் மாறுபாட்டை, அதாவது வெளிச்சமும் இருளும் வேறுபடும் அளவை அளந்து, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே கூர்மை உச்சமோ அங்கே நிற்பது இதன் முறை. லென்ஸைக் கழற்றி மாட்டும் இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களைப் போல எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்பது இதற்கு முன்கூட்டித் தெரியாது. பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியும் கிடையாது.

இதனால் வரும் முதல் சிக்கல்: முழு ஜூமில் ஃபோக்கஸ் வெகுதூரம் விலகியிருந்தால் சட்டகம் முழுக்க வெறும் பச்சை மங்கலாகிவிடும். மாறுபாடே இல்லாததால் கேமரா எதைத் தேடுவது என்று தெரியாமல் அலையும். திரும்பத் திரும்ப ஷட்டர் பொத்தானை அழுத்தி எரிச்சல்படுவதில் பயனில்லை. ஜூமை 300, 400க்குக் குறைத்து, அங்கே ஃபோக்கஸ் செய்து, 1000க்குப் போய் மறுபடி ஃபோக்கஸ் செய்து, பிறகு 2000க்குப் போக வேண்டும். சொல்லும்போது நீளமாகத் தெரிந்தாலும் பழகினால் மூன்று வினாடி வேலை.

இரண்டாவது சிக்கல் கிளை. பறவைக்கு முன்னால் ஒரு குச்சி இருந்தால் போதும், கேமரா அதைத்தான் பிடிக்கும். ஃபோக்கஸ் பரப்பைத் தானாகத் தேடும் முறையில் விட்டால் இது ஒவ்வொரு முறையும் நடக்கும். மிகச் சிறிய புள்ளிக்கு மாற்றி நடுவில் நிறுத்திவிடுங்கள். அந்தப் புள்ளியைப் பறவையின் வெறும் மார்பில் வைக்காமல், விளிம்பில் வையுங்கள்: அலகும் முகமும் சேரும் இடம், சிறகின் கறுப்பு வெள்ளைக் கோடு, கால் கிளையைப் பற்றும் இடம். அங்கே மாறுபாடு இருக்கிறது, உடனே பிடிக்கும். ஒரே நிறக் காகம், கரிச்சான் போன்றவை நிழலில் இருந்தால் அவை உட்கார்ந்திருக்கும் கிளையின் பட்டையில் ஃபோக்கஸ் செய்து, பொத்தானைப் பாதி அழுத்தியபடியே சட்டகத்தை மேலே நகர்த்தி எடுக்கலாம்.

புதருக்குள் இருக்கும் பறவைக்குக் கையால் ஃபோக்கஸ் செய்வதுதான் வழி. லென்ஸ் உருளையின் இடப்பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. மெனுவில் அதற்குக் கை ஃபோக்கஸை ஒதுக்கி, கூர்மையான விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் பீக்கிங்கையும் போட்டு வைத்தால் போதும். சக்கரம் கொஞ்சம் சிறியது, கையுறை போட்டால் விரலுக்குத் தட்டுப்படாது. பெரிய அண்ணனான பி1000இல் லென்ஸைச் சுற்றி முழு வளையம் இருக்கிறது, இந்த ஒரு விஷயத்தில் அது மேல்.

பறவையை வ்யூஃபைண்டருக்குள் கொண்டுவருவது புதியவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி. முழு ஜூமில் சட்டகம் ஒரு பாகை அகலம்தான் காட்டும். முழு நிலாவே உயரத்தில் எழுபது சதவீதத்தை அடைத்துக்கொள்ளும் என்றால் எவ்வளவு குறுகல் என்று புரியும். (இந்தக் கேமராவை வாங்கும் பாதிப்பேர் முதல் இரவே நிலாவைத்தான் எடுக்கிறார்கள், நிலாவை நடுவில் நிறுத்திப் பழகுவது நல்ல பயிற்சிதான்.) பறவையைப் பார்த்ததும் கண்ணை எடுக்காமல் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்த வேண்டும். ஜூம் 300 அளவில் இருக்கட்டும். பறவையின் அருகில் தப்பாமல் தெரியும் ஓர் அடையாளத்தை, ஒடிந்த கொம்பையோ மஞ்சள் இலையையோ, முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு உருளையின் பக்கத்தில் உள்ள ஜூம் லீவரால் உள்ளே போகலாம். வலக்கை ஷட்டரில், இடக்கை லென்ஸின் அடியில், ஜூம் இடக் கட்டைவிரலில்; இந்தப் பிடியில் கேமரா ஆடாது. மேலே ஷட்டரைச் சுற்றியுள்ள ஜூம் லீவரைப் பயன்படுத்தினால் விரல் நகரும் ஒவ்வொரு முறையும் சட்டகம் குதிக்கும்.

பறவை நகர்ந்து தப்பிவிட்டால் அதே பக்கத்தில் இருக்கும் பொத்தான் கைகொடுக்கும். அதை அழுத்திப் பிடித்தால் ஜூம் விரியும். பறவையைக் கண்டுபிடித்து நடுவில் வைத்து விரலை எடுத்தால் பழைய ஜூமுக்கே திரும்பிவிடும். இந்தக் கேமராவிலேயே மிகப் பயனுள்ள பொத்தான் எது என்றால் இதுதான்.

பறக்கும் பறவை? வானத்தில் நிதானமாக வட்டமிடும் பருந்து, ஒரே திசையில் போகும் நாரைக் கூட்டம், இவை கிடைக்கும். ஜூமை 400 முதல் 600க்குள் வைத்து, அதே தூரத்தில் உள்ள மரத்தின் மீது முன்கூட்டியே ஃபோக்கஸ் செய்துவிட்டு எடுக்க வேண்டும். கேமராவின் மேலே துணைக்கருவி பொருத்தும் ஹாட் ஷூவில் மாட்டும் டிஎஃப்-எம்1 என்ற சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி உதவும். இரண்டு கண்ணும் திறந்தபடி புள்ளியைப் பறவை மீது வைத்துத் தொடரலாம். கிளம்புமுன் நாற்பது ஐம்பது மீட்டர் தூரத்துக் கம்பம் ஒன்றை வைத்துப் புள்ளியும் சட்டகத்தின் நடுவும் ஒன்றாகிறதா என்று சரிசெய்துகொள்ள வேண்டும், அருகில் வைத்துச் சரிசெய்தால் தூரத்தில் விலகும். தகைவிலான், பஞ்சுருட்டான், தண்ணீரில் பாயும் மீன்கொத்தி ஆகியவற்றை இதில் துரத்த வேண்டாம். வினாடிக்கு 7 படம் வரும், ஆனால் 10 படத்தோடு நின்றுவிடும். ஒன்றரை வினாடிகூட இல்லை. அதன் பிறகு கார்டில் எழுதி முடிக்கும் வரை கேமரா வேறு எதையும் கேட்காது. எனவே பறவை உட்கார்ந்திருக்கும்போதும் மூன்று நான்கு படமாக விட்டு விட்டு அழுத்துங்கள். பறவை எழும்பும் முன்பே படங்களைச் சேமித்து வைக்கும் முன்பதிவு வசதி ஒன்று தொடர் படப்பிடிப்பு மெனுவில் இருக்கிறது. அதில் படத்தின் அளவு மிகச் சிறியதாகிவிடுவதால் பெயருக்குத்தான்.

அமைப்புகள்

டயலில் பறவைப் படமிட்ட ஒரு நிலை உண்டு. முதல் வாரத்துக்குச் சரி. அதன் பிறகு ஷட்டர் வேகத்தை நீங்களே தீர்மானிக்கும் எஸ் நிலைக்குப் போவது நல்லது. உட்கார்ந்த பறவைக்கு, கையில் பிடித்து முழு ஜூமில், 1/250 முதல் 1/500 வினாடி. தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் சிட்டு, வாலாட்டி போன்றவற்றுக்கு 1/500க்குக் கீழே வேண்டாம். பறப்பதற்கு 1/1000, அதற்கு மேலும். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியாக விட்டு உச்சவரம்பை 800இல் நிறுத்துங்கள். 400 வரை சுத்தமாக வரும். 800இல் இறகின் நுண்ணிய கோடுகள் கரையத் தொடங்கும். 1600 ஆதாரப் படத்துக்கு மட்டும். எண்ணிக்கையில் 6400 வரை இருந்தாலும் அதை மறந்துவிடலாம்.

வெளிச்சத் திருத்தத்தில்தான் அனுபவம் தெரியும். வெயிலில் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு மைனஸ் 0.7 முதல் மைனஸ் 1 வரை கொடுக்காவிட்டால் சிறகு முழுவதும் வெறும் வெள்ளையாகிவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. வெளிறிய வானத்தின் பின்னணியில் கிளை நுனியில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு எதிர்மாறாக பிளஸ் 1 முதல் 1.7 வரை தேவைப்படும். கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்தால் நிழலில் கொஞ்சம் மீட்கலாம், வெள்ளையில் அல்ல. ரா கோப்பு எழுத நேரமாகும் என்பதால் அசையாத ஆந்தைக்கு ரா, மற்றதற்கு ஜேபெக் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

இவற்றையெல்லாம் ஒருமுறை வைத்துவிட்டு டயலில் உள்ள யு நிலையில் சேமித்துவிடுங்கள். அதோடு சத்தங்கள் எல்லாவற்றையும், ஃபோக்கஸ் உதவி விளக்கையும் அணைத்துவிடுங்கள். இருட்டுப் புதரில் இருக்கும் பறவையின் முகத்தில் விளக்கடிப்பது அதைத் துரத்தும் வழி. தானாக அணையும் நேரத்தை ஐந்து நிமிடத்துக்கு நீட்டுங்கள். இல்லையென்றால் பறவை வெளியே வரும் வரை காத்திருந்து, அது வரும் கணத்தில் லென்ஸ் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

நடுக்கம் தணிக்கும் வி.ஆர். 5.5 படி (ஸ்டாப்) பலன் தரும் என்று விளம்பரம் சொல்கிறது. அந்த அளவு சுமார் 350 மி.மீ.யில் எடுத்தது, 2000இல் அந்தப் பலனை எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் வ்யூஃபைண்டரில் காட்சி சட்டென்று நிலைத்து நிற்பது இதன் பெரிய பலம், வி.ஆர். இல்லாமல் முழு ஜூமில் எதையும் பார்க்கவே முடியாது. ஷட்டரைப் பாதி அழுத்தி ஒரு வினாடி விட்டு, காட்சி அமைந்ததும் முழுதாக அழுத்துங்கள். நிற்கிற வண்டிக்குள்ளிருந்து சாதாரண நிலை போதும், ஆடும் படகிலிருந்து ஆக்டிவ் நிலை. முக்காலியில் பூட்டியிருந்தால் வி.ஆரை அணையுங்கள். பயணத்துக்கு முக்காலியைவிட ஒற்றைக்கால் தாங்கி நல்லது. அதைவிட எளியது காலியான துணிப்பை. போன இடத்தில் தானியத்தால் நிரப்பிக்கொண்டு வண்டி ஜன்னலில் வைத்தால் 1/125இல்கூடக் கூர்மையாக வரும்.

அந்தியில் வெளிவரும் விலங்குகளுக்கு இது பொருந்தாது. சூரியன் மறைந்து இருபது நிமிடத்தில் 2000இல் எடுக்கும் வாய்ப்பு முடிந்துவிடும். ஜூமைக் குறைத்தால் அபெர்ச்சர் விரியும், 24 மி.மீ.யில் எஃப்/2.8 வரை. ஆகவே மான், நரி போன்றவை நடுத்தரத் தூரத்தில் நின்றால் 500, 600க்கு இறங்கி, சூழலோடு சேர்த்து எடுப்பது புத்திசாலித்தனம்.

பயணத்தில்

ஒரு கிலோ என்பது கழுத்தில் நாள் முழுக்கத் தொங்கினால் வலிக்கும் எடைதான். குறுக்குவாட்டில் தோளில் போடும் பட்டை தேவை. கேமராவோடு வரும் பட்டை கழுத்தை அறுக்கும்.

பேட்டரிதான் அடுத்த குறை. இஎன்-இஎல்20ஏ என்ற சின்னப் பேட்டரி, ஒரு சார்ஜுக்குச் சுமார் 290 படம் என்பது அளவுகோல் கணக்கு. பறவைக்காக ஓயாமல் ஜூம் செய்து வ்யூஃபைண்டரிலேயே கண்ணை வைத்திருந்தால் அது இன்னும் குறையும். முழு நாளுக்கு மூன்று பேட்டரி வேண்டும். கேமராவுக்குள்ளேயே வைத்து மைக்ரோ யு.எஸ்.பி. வழியாக ஏற்றுவதுதான் இயல்பான முறை, ஏறும் வரை கேமராவும் கட்டிப்போட்டபடி இருக்கும். தனியாக இரட்டைச் சார்ஜர் ஒன்று வாங்குவது கட்டாயம். விமானத்தில் உபரிப் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், முனைகள் உரசாதபடி தனித்தனி உறையில்.

தூசிக்கும் மழைக்கும் எதிரான காப்பு இதில் இல்லை. ஜூம் நீளும்போது உருளை காற்றை உள்ளிழுக்கும், திறந்த ஜீப்பில் போகும்போது புழுதியையும் சேர்த்து. கழற்ற முடியாத லென்ஸ் என்பதால் உள்ளே போன தூசியை நீங்களே துடைக்க வழியில்லை. வண்டி ஓடும்போது ஜூமை முழுக்கச் சுருக்கி, துணிப்பைக்குள் வையுங்கள். நீண்ட உருளையில் தூசி படிந்திருந்தால் ஊதிவிட்டுத்தான் சுருக்க வேண்டும். முன்னால் 67 மி.மீ. அளவில் வெயில் மறைப்பு மாட்டலாம், மழைத்துளியும் விரல்ரேகையும் கண்ணாடியில் படாமல் காக்கும். விலை மலிந்த பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டால் 2000இல் கூர்மை போய்விடும். கூர்மை வராதவர்கள் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து ஈரக்காட்டுக்குள் போகும்போது லென்ஸில் ஆவி படியும். கேமராவைப் பைக்குள் மூடியபடியே வெளியே அரைமணி நேரம் வைத்துவிட்டுத் திறந்தால் வராது.

தும்பி, பட்டாம்பூச்சி எடுக்கிறவர்களுக்கு இந்தக் கேமரா எதிர்பாராத பரிசு. முழு ஜூமில் மிகக் குறைந்த ஃபோக்கஸ் தூரம் 5 மீட்டர். அங்கே சட்டகத்தின் அகலம் எட்டரை செ.மீ.தான். ஐந்து செ.மீ. தும்பி பாதிக்கு மேல் நிறைந்துவிடும், அதுவும் ஐந்து மீட்டர் தள்ளி நின்று, அதைக் கலைக்காமல். குளத்தின் நடுவில் குச்சி நுனியில் உட்காரும் தும்பியை மேக்ரோ லென்ஸ்காரர்கள் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்க, இதில் எடுத்துவிடலாம். தும்பியின் உடல் முழுவதும் லென்ஸுக்கு இணையாக இருக்கும்படி பக்கவாட்டில் நில்லுங்கள், கூர்மையாக விழும் ஆழம் மிகக் குறைவு.

வீடியோ 4கே, வினாடிக்கு 30 ஃபிரேம். அடையாளம் குழப்பும் கரைப்பறவைகளுக்குப் படத்தைவிட வீடியோ நல்ல ஆதாரம். இரை தேடும் விதம், வால் அசைவு, சிறகு விரிக்கும்போது தெரியும் பட்டை எல்லாம் பதிவாகிவிடும். ஒவ்வொரு ஃபிரேமும் 8 மெகாபிக்சல், பின்னால் எடுத்துக்கொள்ளலாம். ஒலிவாங்கித் துளை இருப்பதால் காற்றுத்தடுப்பு மாட்டிய சின்ன மைக் பொருத்தினால் குரலும் தெளிவாக வரும். உள்ளமைந்த மைக்கில் ஜூம் மோட்டாரின் முனகல் விழும்.

முந்தைய பி900இல் இருந்த ஜி.பி.எஸ். இதில் இல்லை. ஃபோனில் ஸ்னாப்பிரிட்ஜ் செயலியை இணைத்தால் அது இடத்தைப் படத்தில் பதிக்கும், 2 மெகாபிக்சல் பிரதியையும் தானாக அனுப்பும். அந்தப் பிரதியை அப்படியே மெர்லின் செயலியில் போட்டு இனம் பார்க்கலாம். இணைப்பு அடிக்கடி அறுவதால் பேட்டரியைத் தின்பதுதான் மிச்சம் என்று பலர் அணைத்துவிடுகிறார்கள். அப்படியானால் வேறு நேர மண்டலத்துக்குப் போய் இறங்கியதும் கேமரா கடிகாரத்தை மாற்றிவிடுங்கள். பறவை பார்த்த பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் தளத்தில் ஏற்றும் பட்டியலின் நேரமும் படத்தின் நேரமும் ஒத்துப்போனால்தான் எந்தப் பறவையை எங்கே பார்த்தோம் என்று பின்னால் தேடும்போது கிடைக்கும். ஆந்தை, கூடு, அரிய இனம் ஆகியவற்றின் படங்களை வெளியே பகிருமுன் இடத்தகவலை நீக்குவதும் அவசியம்.

எதற்குப் பதிலாக எது

சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 (2017) 24-600 மி.மீ., ஓர் அங்குல சென்சார், வினாடிக்கு 24 படம். எடை 1095 கிராம். பறக்கும் பறவையில் பி950ஐப் பக்கத்தில் நிற்கவிடாது. தூரத்தில் உட்கார்ந்த பறவையில் பி950 முன்னால் போய்விடும். கேனான் எஸ்எக்ஸ்70 610 கிராம்தான், 1365 மி.மீ. வரை போகும், எடையே பிரச்சினை என்றால் அது போதும். நிக்கானின் பி1000 3000 மி.மீ. என்று மயக்கும். ஆனால் 1415 கிராம், முழு ஜூமில் எஃப்/8. அதன் வாய் 67 மி.மீ. என்பதால் நிஜமாகவே கொஞ்சம் கூடுதல் விவரம் கிடைக்கும். அதை அனுபவிக்க அமைதியான காற்றும் தாங்கியும் வேண்டும். 2025இல் வந்த பி1100 ஏறக்குறைய அதே பி1000தான், யு.எஸ்.பி.-சி துளையோடு. நடந்து பறவை பார்க்கிறவருக்கு பி950 சரியான அளவு. ஏற்கெனவே மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர் அதற்கு 100-400 லென்ஸ் வாங்குவதே மேல், ஃபோக்கஸ் ஒன்றுக்காகவே.

பழையதாக வாங்குகிறவர்கள் கடையிலேயே சில சோதனைகளைச் செய்துவிடலாம். 24இலிருந்து 2000 வரை ஐந்து முறை ஜூம் செய்து, உருளை தடங்கல் இல்லாமல் ஒரே சத்தத்தோடு நகர்கிறதா என்று கேளுங்கள். பத்து மீட்டர் தள்ளி அச்சடித்த தாள் ஒன்றை ஒட்டி, நடுவிலும் நான்கு மூலையிலும் எழுத்து ஒரே மாதிரி கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் லென்ஸ் எங்கோ அடிபட்டிருக்கிறது, விட்டுவிடுங்கள். வெளிர் வானத்தை எஃப்/8இல் எடுத்துப் பெரிதாக்கினால் உள்ளே போன தூசி சாம்பல் புள்ளியாகத் தெரியும். வி.ஆரைப் போட்டு 2000இல் காட்சி மெல்ல ஒரு பக்கமாக நழுவிக்கொண்டே போனால் அந்தப் பாகம் பழுது. கடைசியாக மைக்ரோ யு.எஸ்.பி. துளையில் கேபிளைச் செருகி லேசாக ஆட்டுங்கள், சார்ஜ் விளக்கு அணையக் கூடாது.